வலிக்காத கண்ணுக்கு எதுக்கு டாக்டரு?

நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, கரும்பு அரவை மும்முரமா நடந்துக்கினு இருந்த நேரம். எங்க ஊரு மூங்கில்துறைப்பட்டு பக்கம். மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கினு போற டிராக்டர் ஓட்டறதுதான் என் பொழப்பு. சீசன் வந்துட்டா வூட்ல தங்கறதே அபூர்வம். விடியறதுக்குள்ள கெளம்பி மில்லு வாசல்ல வரிசையில நின்னா, எடை போட்டு எறக்கிட்டுத் திரும்ப மதியம் ஆயிடும். என் பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு. வண்டி சத்தம் கேட்டா போதும், தெருக்கோடி வரைக்கும் ஓடியாந்து மேல ஏத்தச் சொல்லி அடம் புடிப்பா.

அந்த சமயத்துல என் வூட்டுக்காரி தெனமும் ஒரே பொலம்பல். பாப்பாவால கால மடக்க முடியல, காத்தால படுக்கைய வுட்டு எழுந்துக்க மாட்டேங்குறா, இடுப்புல தூக்கிக்கினுதான் வெளிக்குக் கூட்டிக்கினு போறேன்னு சொல்லுவா. எனக்கு ஒன்னும் புரியல. நான் பாக்கற புள்ள ஆட்டுக்குட்டி கணக்கா துள்ளிக்கினு இருக்கு. இவ சொல்றது எந்தப் புள்ளைய? ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்கறா, நீயும் கூட சேந்து கத வுடுறியான்னு சிரிச்சேன். அவளுக்கு வந்துச்சே கோவம்!

"யோவ், ஒரு நாளு காத்தால வூட்ல இருந்து பாருய்யா, அப்புறம் பேசு"ன்னு கையில இருந்த கரண்டிய ஓங்கிட்டா.

ஊருல ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. எங்கியாவது விழுந்திருக்கும்னாங்க, திருஷ்டின்னாங்க, வளர்ற புள்ளைக்கு அப்பிடித்தான் வலிக்கும்னாங்க. மணலூர்பேட்டையில எண்ணெக்கட்டு போட்டோம். திருக்கோவிலூர்ல ஒரு டாக்டருகிட்ட என் வூட்டுக்காரியே கூட்டிக்கினு போனா. போறதுக்கு முன்னாடி சுடுதண்ணி ஊத்தி, கால நல்லா நீவி வுட்டு, தலை சீவிப் பூ வெச்சு, பஸ் ஏறிப் போயி டோக்கன் வாங்கி உக்காந்தா, உள்ள கூப்புடற நேரத்துக்குப் பாப்பா அங்க இருக்கற பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிக்கினு இருக்கா! நல்லாத்தானம்மா இருக்கு பாப்பான்னு சொல்லி ஒரு சத்து டானிக் எழுதிக் குடுத்துட்டாரு. பாவம், அவர மட்டும் இன்னா சொல்ல முடியும்? அந்த டானிக் பாட்டில மடியில வெச்சிக்கினு என் வூட்டுக்காரி அழுத அழுக இருக்கே, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் ஒரு நாளு மில்லுல ஏதோ மிஷின் ரிப்பேரு, லோடு கெடையாதுன்னுட்டாங்க. அன்னிக்குத்தான் காத்தால வூட்ல இருந்தேன். பாப்பா முழிச்சிக்கினு சும்மா படுத்துக் கெடந்தா. வாடா செல்லம்னு கையை நீட்டினேன். குப்புறத் திரும்பி, செவுத்தப் புடிச்சி, இடது கால கட்டை மாதிரி நீட்டிக்கினே மெதுவா எழுந்தா. முட்டி பொம்முன்னு வீங்கி இருக்கு. அவ அழல. என்னைப் பாத்துச் சொல்றா, "இருப்பா, கொஞ்ச நேரத்துல கால் வந்துடும்."

கொழந்த வாயில வர்ற பேச்சா இது! அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். சொன்ன மாதிரியே, வெயில் ஏறினதும் கால் வந்துடுச்சு, தெருவுல ஓட ஆரம்பிச்சிட்டா. நான் மண்டைய சொறிஞ்சிக்கினு நிக்கறேன். பனியில நின்ன டிராக்டரு காத்தால மக்கர் பண்ணும், சூடேறினா ஓடும். மனுசப் புள்ளைக்குமா அப்பிடி?

ஆனா அந்த நெனப்புலதான் ஒரு யோசன வந்துச்சு. சூடேறின வண்டிய மெக்கானிக்குகிட்ட கொண்டுபோனா அவனுக்கு இன்னா தெரியும்? மறுநாளு லோடு வேணாம்னு சொல்லிட்டு, பாப்பா எழுந்துக்கறதையும் நடக்கறதையும் போன்ல வீடியோ புடிச்சேன். கள்ளக்குறிச்சியில கொழந்தைங்க டாக்டரு ஒருத்தர்கிட்ட அதக் காட்டினேன். அவரு திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாரு. முட்டிய அமுக்கிப் பாத்தாரு. காலையில மட்டுந்தான் இப்படியா, சரியாக எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாரு. தாமதிக்காம பாண்டியில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எழுதிக் குடுத்தாரு.

அங்க போனா கொழப்பம் தீரும்னு பாத்தா, ஜாஸ்திதான் ஆச்சு. இது கொழந்தைங்களுக்கு வர்ற மூட்டு வாதம்னாங்க. வாதமா? அது வயசானவங்க சமாச்சாரம் இல்ல? ஏன் வந்துச்சுன்னு கேட்டேன். ஒடம்பக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஒடம்போட மூட்டுங்களத் தாக்குது, ஏன்னு நாங்களும் இன்னும் தேடிட்டுத்தான் இருக்கோம்னு டாக்டரம்மா சொன்னாங்க. பெரிய டாக்டருக்கே தெரியலன்னா நான் எங்க போவேன்? அதோட வுட்டாங்களா? கண்ணையும் பாக்கணும்னாங்க! இந்த நோவு வந்த சின்னப் புள்ளைங்களுக்குக் கண்ணுக்குள்ள சத்தமில்லாம வீக்கம் வரலாம், வலிக்காது, செவக்காது, அதனால மூணு மாசத்துக்கு ஒருக்கா மிஷின்ல வெச்சுப் பாக்கணும்னாங்க. கூடவே, இந்த நோவப் பத்தி ஆராய்ச்சி பண்றோம், உங்க பொண்ணு வெவரத்தையும் சேத்துக்கலாமா, இஷ்டம் இல்லன்னாலும் வைத்தியம் இதேதான்னு கேட்டாங்க. சரின்னு தலையாட்டினேன். பாதிதான் புரிஞ்சுது.

முட்டியில ஊசி போட்டாங்க. வாரத்துக்கு ஒரே ஒரு நாளு சாப்புடற மாத்திரையும் எழுதிக் குடுத்தாங்க. ஒரு தடவ அத எங்க பக்கத்து மருந்துக் கடையில கேட்டப்ப, "யாருக்குங்க கேன்சரு?"ன்னு கேட்டாரே பாக்கணும்! நம்மகிட்ட மறைச்சிட்டாங்களோன்னு அங்கியே நின்னு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கேன்சருக்கும் இதே மருந்துதான், ஆனா பாப்பாவுக்குக் குடுக்கறது ரொம்பக் கம்மி அளவு, இங்க அது செய்யற வேலையும் வேறன்னு பொறுமையா வெளக்கினாங்க.

கொஞ்சம் கொஞ்சமா முட்டி வீக்கம் வத்திடுச்சு. காத்தாலயும் குதிச்சு எழுந்துக்கறா. கண்ணுக்கு மட்டும் மூணு மாசத்துக்கு ஒருக்கா போவோம், மொவவாய மிஷின்ல வெப்பாங்க, வெளிச்சம் அடிப்பாங்க, ஒன்னும் இல்லம்பாங்க. அடுத்த சீசன் வந்துச்சு. ஒரு நாளு வண்டிய நிறுத்தினா வரிசை போயிடும். சொந்தக்காரங்க வேற, ஆராய்ச்சின்னு சொல்லி புள்ளைய எலியாக்கிட்டாங்கன்னு ஓதிவுட்டாங்க. கால் வலின்னு போனோம், கால் சரியாயிடுச்சு, நல்லாருக்கற கண்ண எத்தினி வாட்டிதான் பாப்பாங்க? இந்த வாட்டி போவ வேணாம்னுட்டேன்.

"நீ கரும்ப ஓட்டு, நான் போறேன்"னு சொல்லிட்டு என் வூட்டுக்காரி பைய எடுத்துக்கினு பாப்பாவோட நடைய கட்டிட்டா. வேற வழி? பாண்டி பஸ்ஸு விழுப்புரம் தாண்டற வரைக்கும் முணுமுணுத்துக்கினே நானும் கூடப் போனேன்.

கண்ணு பாக்கற எடத்துல எங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா, பத்து வயசுப் பையனோட உக்காந்திருந்தாங்க. கல்வராயன் மலையில ஏதோ சின்ன ஊராம். மொத நாளே எறங்கி, கள்ளக்குறிச்சியில தங்கி, பஸ் மாறி வந்திருக்காங்க. பையனுக்கு ஒரு கண்ணுல கருவிழி நடுவுல வெள்ளையா இருந்துச்சு. குச்சி கிச்சி குத்திடுச்சாம்மான்னு கேட்டேன்.

"ஒன்னும் குத்தலண்ணே. முட்டி வீங்கிச்சு, நாட்டு மருந்துலயே வத்திடுச்சு. கால் நல்லாயிடுச்சேன்னு வுட்டுட்டோம். கண்ணுல வலியும் இல்ல, செவப்பும் இல்ல. ஒரு நாளு நல்ல கண்ணக் கையால மூடிக்கினு, அம்மா, இருட்டா இருக்குன்னான். அப்பதான் தெரியும். போன பார்வ திரும்பாதுன்னுட்டாங்க."

அதுக்குள்ள எங்களக் கூப்புட்டாங்க. பாப்பா செவுத்துல இருந்த பலகையில கடைசி வரி எழுத்து வரைக்கும் கடகடன்னு படிச்சா. பாத்தியான்னு என் வூட்டுக்காரிய ஒரு பார்வ பாத்தேன். அப்புறம் மிஷின்ல வெச்சாங்க. கண்ணு டாக்டரம்மா ரொம்ப நேரம் தலையத் தூக்கவே இல்ல. வலது கண்ணுக்குள்ள வீக்கம் ஆரம்பிச்சிருக்குன்னாங்க. இப்பத்தானே கடைசி எழுத்தக்கூடப் படிச்சாளேன்னு கிட்டத்தட்ட சண்டையே போட்டேன். அதனாலதாங்க சொல்றோம், படிக்க முடியறப்பவே புடிச்சாச்சு, சொட்டு மருந்துலயே அடக்கிடலாம், அடுத்த தடவைதான் வந்திருந்தீங்கன்னா எங்களால எதுவும் உறுதியா சொல்லியிருக்க முடியாதுன்னாங்க. என் வூட்டுக்காரி பாப்பாவ இழுத்து அணைச்சிக்கினா, அவ்வளவுதான். நான் ஆம்பளன்னுகூடப் பாக்காம தேம்பித் தேம்பி அழுதுட்டேன்.

வெளிய வந்தப்ப அந்தம்மா அங்கியே இருந்தாங்க. என் மொவத்தப் பாத்தே புரிஞ்சிக்கினாங்க போல, கொஞ்சம் நவுந்து எடம் வுட்டாங்க. எனக்கு ஒரு கேள்வி தாங்க முடியல. கேக்கலாமா கூடாதான்னு முழுங்கி, போன கண்ணு திரும்பாதுன்னு சொல்லிட்டாங்களேம்மா, அப்புறமும் ஏன் இவ்ளோ தூரம் வர்றீங்கன்னு கேட்டுட்டேன்.

"இன்னொரு கண்ணு இருக்கில்லண்ணே. அதுவும் இல்லாம, இவன மாதிரி புள்ளைங்களுக்கு எப்பிடிப் போச்சு, எப்பப் போச்சுன்னு பாத்து எழுதி வெச்சாத்தான், பின்னாடி வர்ற புள்ளைக்கு பார்வ போறதுக்கு முன்னாடியே பாக்கலாமாம். பாக்கட்டுமேன்னு கூட்டியாரேன்."

அந்தப் பையன் என் பொண்ணப் பாத்துச் சிரிச்சான். அவங்க சொன்ன பின்னாடி வர்ற புள்ள அந்த நிமிஷம் என் மடியிலதான் உக்காந்திருந்துச்சு. பேரக்கூடக் கேக்காம கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துட்டேன்.

சொட்டு மருந்துல பாப்பா கண்ணு தெளிஞ்சிடுச்சு. இந்த நோவு ஏன் வந்துச்சு, எப்ப முழுசா போவும், எனக்கு இன்னிக்கும் புரியல. அரவை நடந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, சொன்ன தேதிக்குப் பாண்டி போயிடறோம். நல்லாருக்கற கண்ண எதுக்குய்யா பாக்கறீங்கன்னு யாராவது கேட்டா எனக்கு இப்ப கோவம் வர்றதில்ல. பார்வ போன புள்ளைய மலையிலேருந்து கூட்டிக்கினு எறங்கி வந்த யாரோ ஒரு தாயாலதான் என் பொண்ணு என் மொவத்தப் பாக்கறா, எங்களுக்குப் பின்னாடியும் ஒரு புள்ள வரும்னு மட்டும் சொல்லுவேன்.