மைதானத்தில் ஒரு சாக்கு

மலைக் கிராமம் ஒன்றில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு காவலாளி இருந்தார். மீட்பு ஹெலிகாப்டர் பிரிவு ஒன்றிலிருந்து ஓய்வுபெற்றவர். எஞ்சின் இரைச்சலில் இடது காது போய்விட்டதால் தலையைச் சாய்த்துதான் பேசுவார். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். மைதானத்தில் கிடக்கும் தகரம், சாக்கு, பிளாஸ்டிக் கவர் என்று எதையாவது பொறுக்கிக்கொண்டே இருப்பார். ஒருநாள், காய்வதற்காக நான் விரித்து வைத்திருந்த குடையையும் மடக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"குடை உங்கள என்னண்ணே செஞ்சுச்சு?"

"வெள்ளம் வந்தா ஹெலிகாப்டர் இங்கனதான் இறங்கணும் டீச்சர். இந்த மலையில வேற சமதரை எங்க இருக்கு? அதோட விசிறிக் காத்துக்கு எல்லாம் பறக்கும்."

"வரும்போது எடுத்தாப் பத்தாதா?"

அவர் குனிந்து ஒரு கவரை எடுத்துப் பைக்குள் திணித்தார்.

"வடக்க ஒரு வெள்ளத்துல ஆளுகளத் தூக்கப் போனோம். எங்க ஹெலிகாப்டர் காத்துல ஒரு தகரம் கெளம்பி, கையக் காட்டிக் கூப்பிட்டுக்கிட்டு நின்ன பொம்பள கழுத்துல விழுந்துருச்சு. மத்தவங்க எல்லாத்தையும் காப்பாத்திட்டோம். அதுக்கு எனக்கு மெடல் குடுத்தாங்க டீச்சர்."

அவர் அதற்குள் மைதானத்தின் மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சாக்கின் ஓரம் காற்றில் லேசாகத் தூக்கியது.