ஊசி முனையில் ஜஹானாரா

"மூச்சை இழுங்க... அப்படியே புடிங்க."

கண்ணாடிக்கு இப்பால் மைக்கில் சொல்லிவிட்டு டாக்டர் ஜஹானாரா தன் மூச்சையும் பிடித்துக்கொள்கிறார். ஸ்கேன் முடியும்வரை விடமாட்டார். நுரையீரலோ சிறுநீரகமோ, மூச்சோடு சேர்ந்து கட்டியும் ஏறி இறங்கும். ஊசி முனை அதன் நடுவில் நிற்க வேண்டும். "ஒருநாள் மேம்தான் முதல்ல மயங்குவாங்க" என்பது பயிற்சி டாக்டர்களின் கிண்டல். அவர்களை முதல் நாளே ஸ்கேன் மேஜையில் குப்புறப் படுக்கவைப்பார். "கழுத்து வலிக்குதா? வலிக்கட்டும். நோயாளி படற பாடு தெரியணும். அப்புறம் கையில ஊசி தர்றேன்."

தாம்பரத்தில் அந்த மருத்துவமனைக்கு நான் போவது, கட்டியைச் சுட மின்சாரத்தால் ஊசி முனைக்குச் சூடு தரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள. என் அப்பாவின் நுரையீரல் படத்தைப் பார்த்து, "இது ஊசிக்கு அடங்காது தம்பி. பெருசாயிடுச்சு" என்று சுற்றிவளைக்காமல் சொன்னவர் ஜஹானாராதான். அப்பா போனபின் அவர் துக்கம் விசாரிக்கவில்லை. டீ வந்தால் என் பக்கம் ஒரு கப்பை நகர்த்துவார்.

போன வாரம் மேஜையில், படப்பை ஊரிலிருந்து வந்த தனம். ஒரு சிறுநீரகத்தை முன்பே எடுத்தாயிற்று. மிஞ்சியதில் கட்டி, அதை ஒட்டிக் குடல். இடையில் குளுக்கோஸ் நீரை விட்டு, குடலை ஒதுக்கிவிட்டுத்தான் கட்டியைச் சுட வேண்டும். பயிற்சி டாக்டர் ஸ்ரீவத்சனுக்கு அது முதல் ஊசி.

"ஒத்தக் கிட்னிதான் கீது டாக்டரம்மா. பாத்து."

"பேசாம படுங்க தனம்மா. மூச்சு மாறுது."

சிரிஞ்சில் ஏற்றுவதை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது ஜஹானாராவின் சட்டம். ஸ்ரீவத்சன் படிக்கவில்லை. பதற்றத்தில் சிரிஞ்சை, நீர் விடும் ஊசியோடு பொருத்திவிட்டார். ஜஹானாரா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன ஏத்தின?"

"சலைன் மேம்."

உப்புநீரில் மின்சாரம் பாயும். காப்பாற்ற வேண்டிய குடலையே சுட்டிருக்கும்.

"உள்ள போச்சா?"

"இல்ல மேம்."

"கழட்டு. குளுக்கோஸ் எடு. படி. எனக்குக் கேக்கணும்."

படித்தார். நீர் இறங்க இறங்க, திரையில் குடல் மெல்ல விலகியது. என் இயந்திரம் ஓடி நின்றது. கடைசி ஸ்கேனில் கட்டி முழுக்க வெந்திருந்தது. குடல் தள்ளியே நின்றது.

"கிட்னி கீதா டாக்டரம்மா?"

"பத்திரமா கீது."

ஸ்ரீவத்சன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஜஹானாரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலாலேயே ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பின்னால் தள்ளினார்.