ஆளில்லாத கதிரைகள்

ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னால் என் கணவர் சிரிப்பார். தெரியாவிட்டால் இத்தனை வருடமாக ஏன் அதையே கதைக்கிறீர் என்று கேட்பார். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஓவியர் வேலை செய்த விதம் மட்டும்தான். அதுவும் அவருடைய அறையை மூன்று வருடம் கூட்டித் துடைத்ததால் தெரிந்தது.

அதற்கு முன் நாங்கள் நொர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் இருந்தோம். திருகோணமலையிலிருந்து கலியாணம் முடித்து வந்த கையோடு மீன் தொழிற்சாலையில் கத்தியைப் பிடித்தவள் நான். தோள்மூட்டு ஒத்துழைக்க மறுத்ததும் ஒஸ்லோவுக்கு வந்து ஹவுகன்ஸ்டுவா என்ற புறநகரில் ஐந்தாம் மாடியில் குடியேறினோம். அவருக்கு ஒரு பேக்கரியில் வேலை. எனக்கு ஆற்றங்கரைப் பழைய நெசவாலையில் துப்புரவு வேலை. நெசவாலை என்பது பெயருக்குத்தான். மருந்துக்கும் ஒரு தறி கிடையாது. அறை அறையாகத் தடுத்து ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

மூன்றாம் தளத்து மூலை அறையில் ஒரு கிரேக்கப் பெண் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, வாயில் எப்போதும் பற்றவைக்காத ஒரு சிகரெட். முதல் நாளே எங்களுக்குள் சண்டை. மேசையில் ஒரு கோப்பைக்குள் மஞ்சளாக ஏதோ ஊத்தை காய்ந்துகொண்டு கிடந்தது. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அது அவர் அன்றைக்குப் பாவிக்க எடுத்துவைத்த முட்டைக் கருவாம். அவர் கிரேக்கத்தில் கத்தினார், நான் தமிழில் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்லுவா. அன்றைக்கு அந்த மூக்குக்குச் சரியான சோடி கிடைத்தது.

அடுத்த கிழமை அவர் ஒரு போத்தலை என்னிடம் நீட்டினார். உள்ளே முட்டையின் வெள்ளைக்கரு. தனக்கு மஞ்சள் மட்டும் போதும், இதை வீணாக எறிய மனமில்லை என்றார். அவருடைய சின்ன மின் அடுப்பிலேயே வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டுப் பொரித்தேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அந்த அறையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தால் இருந்து கதைக்கலாம். இருவருக்கும் நொர்வேஜிய மொழி அரைகுறைதான். ஆனாலும் நினைக்கும்போது அவர் கதைத்ததெல்லாம் எங்கள் தமிழில் கதைத்தது போலத்தான் என் காதில் நிற்கிறது.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முட்டையை உடைத்து மஞ்சளை ஒரு உள்ளங்கையிலிருந்து மற்ற உள்ளங்கைக்கு உருட்டுவார். வெள்ளை முழுதும் வடிந்ததும் மேல்தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியால் ஒரு குத்து. கரு கோப்பைக்குள் விழும். தோலை எறிந்துவிட்டு, தண்ணீரும் நிறத்தூளும் சேர்த்துக் குழைப்பார். துணியில் வரைவதில்லை, சுண்ணம் பூசி வழவழப்பாக்கிய பலகையில்தான். இளவயதில் ஏதென்ஸில் ஒரு தேவாலயத்துப் பழைய சுவாமி படங்களைத் திருத்தும் இடத்தில் இந்த வேலையைப் படித்தாராம். முப்பது வயதில் பெயர் வந்திருக்கிறது. துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் சனங்களைச் சுவர் அளவில் வரைந்தாராம். பெரிய நகரங்களில் எல்லாம் காட்டினார்களாம். அந்தப் படங்களை ஒரு பழைய புத்தகத்தில் எனக்குக் காட்டினார். ஒவ்வொரு முகமும் கூப்பிட்டால் திரும்பும்.

நான் கண்ட காலத்தில் அவர் ஆட்களை வரைவதை விட்டுவிட்டார். கதிரைதான். சமையலறைக் கதிரை, பஸ் தரிப்பிடத்து நீள வாங்கு, தோட்டத்தில் நனைந்த கதிரை. ஆள் எழும்பிப் போன கதிரை மட்டும். வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. “நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை” என்று எனக்குள் சிரித்திருக்கிறேன். ஏன் ஆட்களை விட்டாய் என்று ஒருநாள் கேட்டேன். ஒஸ்லோவில் ஒருவரை நம்பித் தன் மகளை ஏதென்ஸில் தகப்பனிடம் விட்டுவிட்டு வந்தாராம். அந்த மனிதரும் நிலைக்கவில்லை, மகளும் கதைப்பதில்லை. பிறகு யாரை வரைந்தாலும் மகளின் முகம்தான் வந்ததாம். முகத்தை நிறுத்தியதும் படம் விற்பவர்களும் விலகிவிட்டார்கள். சொல்லிவிட்டு, முட்டை ஆறுகிறது, சாப்பிடு என்றார்.

என் கதையை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லாமல் என் வயிறு சும்மா இருந்தது.

ஊரில் சமாதானம் என்று சொன்ன வருடங்கள் அவை. சனமெல்லாம் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். செயற்கை முறையில் கருத்தரிக்க எங்களுக்கு மூன்று தடவை கிடைத்தது. முதல் தடவைக்கு முன், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குச் சோறு அவிக்கும் சட்டி வாங்கப் போன நான் ஒரு சின்னக் கதிரையோடு வந்தேன். பேர்ச் மரம். முழங்கால் உயரம்.

“பிள்ளை பிறக்க முந்தித் தொட்டில் கட்டக் கூடாதெண்டு உமக்குத் தெரியாதே?” என்று கணவர் கேட்டார்.

“இது தொட்டில் இல்லையே, கதிரை,” என்றேன் நான்.

வாய் இருந்தால் போதும் என்று நினைக்கிற ஆள் நான். முதல் தடவை பிழைத்துப் போனது, கரு தங்கவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். அப்போதே கதிரையைப் பார்க்க எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆசையை முந்திக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தானே. தாதியிடம் இதைச் சொல்ல முடியுமா? நொர்வேஜிய மொழியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்த இடையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு குழந்தைக்கு முப்பத்தொன்று, பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாட்டம். தட்டில் பழமும் ஒரு சட்டையும் வைத்துக்கொண்டு போனேன். தாய் என்னைக் கண்டதும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மைச்சிமிழை எடுத்து, நெற்றியில் ஏற்கெனவே பொட்டு இருந்த பிள்ளைக்குக் கன்னத்திலும் பெரிதாக ஒன்றை இழுத்துவிட்டாள். எனக்கு முன்னால் வந்தவர்களுக்கு அப்படிச் செய்யவில்லை. நான் பிள்ளையைத் தூக்கவில்லை. கேக் நல்லாயிருக்கு என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து முழுவதையும் வாந்தி எடுத்தேன்.

மூன்றாவது தடவை மாசி மாதம். தொலைபேசியில் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்.

சில நாள் கழித்துக் கணவர், “இஞ்சேரும், அந்தக் கதிரையைப் பள்ளிக்கூட லொப்பெமார்க்கெட்டுக்குக் குடுப்பமே? ஆருக்கும் உதவும்,” என்று மெல்லக் கேட்டார். லொப்பெமார்க்கெட் என்றால் பழைய சாமான் சந்தை. அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். பாவம், அவருக்கும் மனம்தானே. ஓம் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலை கதிரையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். பக்கத்தில் இருந்த நொர்வேஜிய மூதாட்டி பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டா. மூன்று என்றேன். பொய் வாயில் இனித்தது.

“இதை வரை,” என்று ஓவியரின் முன்னால் வைத்தேன்.

“நான் ஆரும் சொல்லி வரையிறவள் இல்லை,” என்றார் அவர்.

“வரையாட்டிப் போ. ஆனா கதிரை இஞ்சைதான் இருக்கும்,” என்றேன். காரணத்தையும் சொன்னேன். அழாமல் சொன்னேன். ஒரு மாதம் அது மூலையில் கிடந்தது. பிறகொரு செவ்வாய்க்கிழமை போனபோது யன்னலடியில் இருந்தது.

முதலில் பலகை முழுக்கக் கறுப்பும் பச்சையும் கலந்த ஒரு சேற்று நிறம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ர கதிரைக்கு ஏன் தார் பூசினனீ?” என்று சீறினேன். “பொறு,” என்றார். பழைய சுவாமி படங்களில் முகம் வரைவது இப்படித்தானாம். இருட்டைப் பூசிவிட்டு அதன் மேல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பூச்சும் தண்ணீர் மாதிரி மெல்லியது. ஒன்று காயவேண்டும், பிறகு அடுத்தது. பிழைத்தால் சுரண்டிவிட்டு மறுபடி. அவசரப்பட்டால் வெளிச்சம் வெள்ளையடித்தது போல இருக்கும் என்றார். நான் மீன் வெட்டியவள்; ஒரு நிமிடத்தில் இத்தனை துண்டு என்று கையைப் பழக்கியவள். பங்குனியில் தொடங்கியது ஆவணி வரை போனது.

நான் வேலை இல்லாத நாளிலும் போனேன். துடைத்த தரையைத் திருப்பித் துடைத்தேன். முதலில் சாய்மணை தெரிந்தது, பிறகு ஒரு கால். இருக்கையின் நடுவில் வெளிச்சம் ஏறிய நாளில் நான் மொப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அதில் இருந்த ஒரு பிள்ளை இப்போதுதான் எழும்பி அடுத்த அறைக்கு ஓடியது மாதிரி இருந்தது. கூப்பிட்டால் வரும். ஆசை ஆசையாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் போதாமல் இருந்தது.

புரட்டாதியில் அவருக்குக் கண்காட்சி. பல வருடத்துக்குப் பிறகு பெரிய இடத்தில். ஒழுங்கு செய்பவர்கள் வந்து பார்த்துவிட்டு, இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது, நடுச்சுவரில் வைப்போம் என்றார்கள். ஓவியர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அவருக்கு இது திரும்பிவரும் வழி என்று எனக்கு விளங்கியது. ஆனால் அவர்கள் புகழப் புகழ எனக்கு அந்த மைச்சிமிழ் நினைவுக்கு வந்தது.

படத்தைக் கொண்டுபோவதற்கு முதல் நாள் பின்னேரம் அவர் வெளியே போயிருந்தார். கோப்பையில் முட்டைக்கரு மிச்சம் இருந்தது. கரித்தூளை விரல் நுனியில் தொட்டுக் கருவில் குழைத்தேன். சாய்மணையின் இடது ஓரத்தில், எள்ளளவில், ஒரு பொட்டு வைத்தேன். கையைக் கழுவிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

அடுத்த நாள் காலை நான் கதவைத் திறக்கும்போது அவர் படத்தின் முன் நின்றார். கையில் சுரண்டும் அலகு.

“ஆர் இதிலை கை வைச்சது?”

“நான்தான்.”

“முப்பது வருஷத்திலை என்ர பலகையை ஒருத்தரும் தொட்டதில்லை! உனக்கு ஆர் அந்த உரிமையைத் தந்தது?” சரிதான், அது அவருடைய படம். அவர் அலகைப் பொட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“வேண்டாம்!” என்று தமிழிலேயே கத்தினேன். “அது கண்ணூறுக்கு வைச்சது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம்.” கண்ணூறை நொர்வேஜிய மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கண்ணைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன், வயிற்றைப் பிடித்துக் காட்டினேன். அவருக்குப் பட்டென்று விளங்கியது. கிரேக்கர்களுக்கும் கண்ணூறு உண்டாம். அவருடைய தாய் வாசலில் நீலக் கண்மணி தொங்கவிடுவாவாம்.

“ஆரின்ரை கண்ணுக்குப் பயப்பிடுறாய்?” என்று கேட்டார். “பாக்க வாற சனத்தின்ரையோ?”

“இல்லை. என்ரை கண்.”

“உன்ரை கண்ணுக்கு என்ன?”

“எங்கடை ஊரிலை, எல்லாக் கண்ணிலும் தாய்க்கண்தான் பொல்லாதது. பெத்தவள் ஆசையாப் பாத்தாத்தான் பிள்ளைக்குக் கெதியாப் படும்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பத்து வருடமாக ஒருவரும் என்னைக் கூப்பிடாத பெயரை நானே எனக்கு வைத்துவிட்டேன். அப்படியே நிலத்தில் இருந்தேன். மூன்று தடவையும் தொலைபேசி வந்தபோது அழாத அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. அலகை மேசையில் வைத்தார். படத்துக்குப் பக்கத்தில் போய், துப்பல் படாமல், தூ தூ தூ என்று மூன்று தரம் துப்பினார். பிறகு என் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார். தன் மகளின் பெயரை ஒருதரம் சொன்னார். அதுவரை சொன்னதில்லை.

மத்தியானம் ஆட்கள் வந்து படத்தைப் பொதி செய்தார்கள். மூட முதல் அவர் என்னைக் கூப்பிட்டு, கடைசியாக ஒருக்கால் பார் என்றார். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பார்க்க வேண்டும் என்று உயிர் துடித்தது. படியில் காலடிகள் இறங்கும் வரை திரும்பவில்லை.

கண்காட்சிக்குக் கணவர் மட்டும் போய்வந்தார். கனபேர் அதற்கு முன்னால்தான் நின்றார்கள் என்றார். பிறகு வேறொரு ஊரின் நூலகம் படத்தை வாங்கிக்கொண்டது. பிள்ளைகள் புத்தகம் வாசிக்கும் பகுதியில் மாட்டியிருக்கிறதாம். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. நான் இன்னும் போகவில்லை. போனால் ஆசை தீரப் பார்த்துவிடுவேன்.