டைரக்டர் ஆன கிராணி

வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு வரவழைக்கும் ஏஜென்சித் தொழிலில், விமானம் தரையிறங்கிய பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும். பினாங்கில் இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பதவி வந்த விதம்

லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மல்லிகைப்பூ, மசாலா வாசனை, காதைப் பிளக்கும் பாட்டு. மேலே நானும் ஒரு கிழட்டு மின்விசிறியும். நான் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. கடிதம் அடிப்பது முதல் விமான நிலையம் போய் ஆட்களைக் கூட்டி வருவது வரை எல்லாம் என் தலையில்தான். திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆனாலும் அந்தப் படிக்கட்டில் ஏறிப்போன காலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒரு நாள் முதலாளிக்குக் கம்பெனிப் பத்திரத்தில் பெயர் போட இன்னொரு டைரக்டர் தேவைப்பட்டார். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளில் அதற்காக வெளியே ஆள் தேட மாட்டார்கள், இருக்கிற கிராணியையே பிடித்துப் போட்டுவிடுவார்கள். முதலாளி நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். சம்பளம் கூடுமா என்று கேட்டேன்.

"டைரக்டருன்னா ஒண்ணுமில்ல சூசை, சும்மா பேருக்குத்தான் லா."

சோறும் போனும்

புதிதாக வருகிறவர்களை நேரே தங்குமிடத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். முதலில் மார்க்கெட் ஸ்திரீட்டில் வயிறாரச் சோறு, அப்புறம் வீட்டுக்கு ஒரு போன். முதலாளி முணுமுணுப்பார், நான் கண்டுகொள்வதில்லை. சாம்பாரைக் கண்டதும் அவர்கள் முகத்தில் வருகிற தெளிச்சி எனக்குப் பிடிக்கும்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த செல்வம் போனைக் காதில் வைத்த வேகத்தில் என் கையில் திணித்துவிட்டான். நான் வாங்கி, பையன் நல்லபடியாக வந்துவிட்டான், சாப்பிட்டான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவன் அம்மா.

"நீங்க யாரோ எவரோ தெரியாது சாமி, உங்கள நம்பித்தான் இருக்கோம்."

முதலாளி ஊருக்குப் போனார்

செல்வத்துக்கும் கூட்டாளிகளுக்கும் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை எங்கள் கம்பெனிக்குப் பணம் கொடுக்கும், நாங்கள் அவர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். பணம் வந்தது, சம்பளம் போகவில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்றார் முதலாளி. பிறகு வைத்தியம் பார்க்க இந்தியா போனவர் போனையும் அணைத்துவிட்டார். பையன்கள் அக்கரை லேபர் ஆபீசில் புகார் கொடுத்தார்கள்.

விசாரணைக்குப் போய், நான் வெறும் கிராணி என்று எனக்குத் தெரிந்த மலாயில் மன்றாடினேன். அந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி, பொறுமையாகக் கேட்டார். கம்பெனியில் பணம் இல்லையென்றால் டைரக்டர்தான் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். என் சொந்தக் கையில் இருந்தது கெலுகோரில் கடன் முடியாத ஒரு வீடும் ஒரு பழைய காரும்தான். அதையும் சொன்னேன். ஐயா என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் ‘என்சிக்’ போட்டு, அந்த அதிகாரி அம்மா மரியாதையாகவே கேட்டார்.

"என்சிக், டைரக்டரை நம்பித்தானே அவங்க வந்தாங்க?"

வாசலில்

வெளியே வந்து செல்வத்தைத் தனியே கூப்பிட்டேன். புகாரிலிருந்து என் பெயரை எடுத்துவிடு, எல்லாவற்றையும் முதலாளி மேல் போடு, என் வீடு போய்விடும் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவன் கையிலிருந்த தே தாரேக் டீயை என்னிடம் நீட்டினான். குடிக்கச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அவரு ஓடிட்டாரு, நீங்க ஓட மாட்டீங்க. அதனாலதான் உங்க பேர விட முடியல."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபெரி படகில் ஏறி ஜார்ஜ் டவுன் திரும்பும்போது கடல் காற்றில் அது மெல்ல அடங்கியது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். காரை விற்று, மைத்துனரிடம் கைமாற்று வாங்கி, பையன்களின் சம்பளப் பாக்கியைத் தவணையில் கொடுத்து முடித்தேன், வீடு தப்பியது. அத்தனை வருஷ உத்தியோகத்தில் என் நாணயத்துக்கு யாராவது சான்றிதழ் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டால், என் மேல் கொடுத்த அந்தப் புகாரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.