வி.ஆர். கண்ணாடியும் என் பாவும்

எனக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை பழுதாகிற நோய். டாக்டர் பெயரைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். ஆரணியில் யாரிடம் விளக்கினாலும் வாதம்தானே என்று முடித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கால் தளர்ந்தபோது தறி மிதிப்பதை விட்டேன். பாவு பிணைப்பதை மட்டும் விடவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்றை விட்டால் அதற்கப்புறம் அத்தனையும் ஓர் இழை தள்ளிப்போகும். அந்த வேலையில் எங்கள் தெருவில் என்னை அடிக்க ஆளில்லை. இதை நான் சொல்லவில்லை, தெருவே சொல்லும். சரி, நானும் சொல்வேன்.

அந்தக் கைதான் ஒருநாள் தவறவிட்டது. புடவையின் பச்சை உடல் முடிந்து சிவப்பு ஓரம் வருகிற இடத்தில் கணக்கு இடித்தது. எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த பாவிலிருந்து பின்தெரு அம்மா ஒருவரைக் கூப்பிட ஆரம்பித்தார். என் வீட்டில், என் தறியில், வேறொருவர் கை. நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நோய் கவனத்தையும் நினைவையும்கூடத் தொடும் என்று வேலூரில் டாக்டர் சொன்னார். அங்கே ஒரு பயிற்சி மையத்துக்கு வாரம் இரண்டு நாள் பஸ் ஏறினேன். பயிற்சி கொடுக்கிற பெண் நேராகப் பேசுகிறவள். உடற்பயிற்சி மூளைக்கும் நல்லது என்று நம்புகிறோம், கூடவே இந்தக் கண்ணாடியும் சேர்ந்தால் உதவுமா என்று பார்க்கிறோம், சத்தியம் பண்ண முடியாது அக்கா என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் என்னை உட்கார வைத்து வி.ஆர். கண்ணாடியை மாட்டினாள். மிதித்தால் கண்ணுக்குள் ஏரிக்கரை நகரும். வழியில் எத்தனை கொக்கு, என்னென்ன நிறக் கொடி எந்த வரிசையில் என்று கடைசியில் சொல்ல வேண்டும். உடம்பு சூடேறினால் எனக்குக் கண் மங்கிவிடும். அதனால் நடுநடுவே நிறுத்திக் கழுத்தில் ஈரத்துணி போடுவாள்.

முதல் நாள் பதினொரு கொக்கு என்றேன். மெஷின் இருபத்திரண்டு என்றது. அடுத்த முறை ஏழு என்றேன், பதினாலு. மூன்றாவதிலும் சரிபாதி. அந்தப் பெண் முகம் வாடி ஏதோ எழுதிக்கொண்டாள். கூட வந்து, நான் பார்ப்பதையே வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டார். திரும்பும்போது பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும் எனக்குச் சுரீரென்றது. தறியில் சீப்பு மாதிரி இருக்கும் அச்சில், ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் இரண்டு இழை போகும். எங்கள் வீட்டில் இரண்டை ஒன்றென்றுதான் எண்ணுவோம். அதே பழக்கத்தில் கொக்கையும் ஜோடி ஜோடியாக எண்ணித் தொலைத்திருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன். அவர், "நானும் பதினொண்ணுதான் எண்ணிகினு இருந்தேன்" என்றார்.

"பின்ன ஏன் அங்க வாயத் தொறக்கல?"

"நீ தப்புன்னு மெஷின் சொன்னதும் நானும் தப்புன்னு நெனச்சிட்டேன்."

பஸ் என்றும் பார்க்காமல் சிரித்தேன். ஆனால் கொக்கு சரியான பிறகும் கொடி வரவில்லை. அது பழக்கதோஷம் இல்லை, நோய்தான். நீலத்துக்கு அடுத்தது என்ன என்று யோசிப்பதற்குள் அடுத்த கொடி போய்விடும். ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கத்தினேன். அந்தப் பெண் கத்தவிட்டு, தண்ணீர் கொடுத்து, மறுபடி மாட்டினாள். வீட்டிலும் ஒரு பழைய சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, வெயில் ஏறுமுன் தினமும் மிதித்தேன். மாதங்கள் போயின. இரண்டு கொடி மூன்றாகி, மூன்று ஐந்தானது. கண்ணாடியாலா, சைக்கிளாலா, என் பிடிவாதத்தாலா, யாருக்குத் தெரியும்.

புதுப் பாவு வந்தபோது நான்தான் பிணைப்பேன் என்று நின்றேன்.

"ஏன் பேஜார் பண்ற? முகூர்த்தப் புடவ இது" என்றார் வீட்டுக்காரர். "மறுபடி தப்பாச்சின்னா நீ தாங்க மாட்ட."

"சும்மா பாத்துகினு உக்காந்திருந்தாதாங்க தாங்க மாட்டேன்" என்றேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

முன்பெல்லாம் ஒரே நாளில் முடிப்பேன். இந்தத் தடவை மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் நடுப்பாவில் என் கை தானாக நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை. வந்த வழியே இழை இழையாகத் திரும்பிப் போனேன். ஒரு விரல் அகலம் தள்ளி, துணையில்லாமல் ஒற்றை இழை கிடந்தது. அதுவரை பிணைத்ததைப் பிரித்து மறுபடி பிணைத்தேன். அழுதேன். யாரும் பக்கத்தில் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

மூன்றாம் நாள் கடைசி இழையை முறுக்கி நிமிர்ந்தால் வாசலில் பின்தெரு அம்மா. எதற்கும் இருக்கட்டும் என்று என்னைக் கேட்காமல் வீட்டுக்காரர் வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் குனிந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரலால் தடவிக்கொண்டே போனார். திரும்பவும் தடவிக்கொண்டே வந்தார். ஒரு தப்பும் இல்லை, எங்கேயும் விடவில்லை என்றார். என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். நான் அதோடு விட்டிருக்கலாம், அந்த அம்மா கிளம்பத் தயாராகத்தான் இருந்தார்.

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, நடுப்பாவில், பிரித்து மறுபடி பிணைத்ததால் முறுக்கு கொஞ்சம் தடித்திருந்த இடத்தில் வைத்தேன்.

"இங்க வுட்டேன். நானே கண்டுபுடிச்சேன்" என்றேன்.