கூரை அறுத்த கல்யாணக் கார்

எங்கள் வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாத காலத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. வெள்ளைக் கார், சின்னது. கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் இருந்த ஓர் அதிகாரி மாற்றலாகி வடக்கே போகும்போது விற்றுவிட்டுப் போனது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா அதை வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி, வைக்கோல் போருக்கும் எருமைக்கும் நடுவில் நிறுத்தியிருந்தார்.

நான் அப்போது நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. வாரம் முழுக்க விடுதி, சனிக்கிழமை ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலைப் பார்த்ததும் நான்தான். பஸ் வந்தால் நைனா போர்டைப் பார்க்க மாட்டார், கண்டக்டரைத்தான் கேட்பார். ஊரில் என்னைக் ‘கம்ப்யூட்டர் பொண்ணு’ என்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் அதைக் கழற்றாமலேயே ஊருக்குள் நடந்து வருவேன்.

ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமன். புதுப்பட்டினத்தில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மாப்பிள்ளை தலை குனிந்து கேசரி சாப்பிட்டார், நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். அவர்கள் போன பிறகுதான் அம்மாவிடம் கேட்டேன், கொட்டகையில் மூடி வைத்திருப்பது என்ன என்று.

“மாப்ளைக்கு” என்றாள் அம்மா.

“கார் கேக்கறவருக்கு நான் எதுக்கு?” என்றேன்.

“அந்தப் புள்ள கேக்கல பாப்பா” என்றார் மாமா அவசரமாக. “அவங்கம்மாதான் கேட்டுச்சி.”

“அப்ப அவங்கம்மாவுக்கே கட்டி வைங்க.”

அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். நைனா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு “சரி” என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனார். அந்த நேரத்தில் கழனியில் ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் செய்தது தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த ‘சரி’யைத் தூக்கிக்கொண்டுதான் திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

காரை விற்றிருக்கலாம். நைனா விற்கவில்லை. விற்றால் பெண்ணுக்குப் பேசிய இடம் முறிந்துவிட்டது என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“இன்னா அண்ணாத்த, வூட்ல கார் நின்னுகினே கீது. மாப்ள எப்பதான் வந்து எடுத்துகினு போவாரு?”

“மாப்ளைக்கு இல்லப்பா” என்றாராம் நைனா. “வாடகைக்கு வுடலாம்னு வாங்கனேன்.”

“அந்தத் தீப்பெட்டில யாரு வாடகைக்குப் போவா?”

நைனா நிமிர்ந்து பார்த்தாராம். எதிரே சுவரில் ஏதோ கல்யாணச் சுவரொட்டி இருந்ததாம். “மாப்ள அழைப்புக்கு” என்றிருக்கிறார். “மேல தெறந்த வண்டி. செங்கல்பட்டுல இருந்துதான எல்லாரும் வரவெக்கறாங்க? இனிமே இங்கயே கெடைக்கும்.”

எங்கள் பக்கத்தில் அப்போது கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மேளத்தோடு அழைத்துப்போவது பெரிய கௌரவம். கார் மட்டும் தூரத்திலிருந்து வரவேண்டும். அதனால் நைனா சொன்ன பொய் நல்ல யோசனையாகிவிட்டது. அந்த வாரமே புதுப்பட்டினத்திலிருந்து ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்து தன் மகன் கல்யாணத்துக்கு வண்டியைப் பேசிவிட்டுப் போனார். இல்லாத வண்டிக்கு நைனா தலையாட்டிவிட்டார்.

“இப்ப கூரைய அறுத்தே ஆவணும்” என்றார் மாமா. அக்கா புருஷனான நைனாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். “இல்லாட்டி மாமா டீக்கடைப் பக்கமே போவ முடியாது.”

நான் அப்போது ஒன்று சொல்லியிருக்கலாம். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன பிறகு, சனிக்கிழமைதோறும் நேராக ஊருக்கு வராமல் செங்கல்பட்டு சுற்றி வந்து, அங்கே டிரைவிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல்தான் போனேன். ஆனால் தெரியும். அந்தக் காரை நானே ஓட்டிக்கொண்டு நாவலூர் போவதாக நினைத்துப் பார்த்திருந்தேன். அலுவலக வாசலில் காவலாளி கேட்டைத் திறப்பது வரைக்கும் நினைத்திருந்தேன். ஒரு மனிதரை எந்தக் காருக்காக வேண்டாம் என்றேனோ அந்தக் காரையே எனக்குக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா மீன் ஏற்றும் ஆட்டோவில் கட்டிங் மெஷினையும் வெல்டிங் பெட்டியையும் கொண்டுவந்து இறக்கினார். தார்ப்பாயை எடுத்தால் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை யாரோ இறக்கி விட்டிருக்கிறார்கள். அம்மா அதை முட்டையோடு கூடைக்கு மாற்றினாள். அது கொத்திக்கொண்டே போனது.

மாமா என் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

“கோடு போடுங்க மேடம். படிச்ச பொண்ணு போட்டா நேரா இருக்கும்.”

என் மேல் அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால்தான் மேடம். நான் டேப் பிடித்து அளந்து, முன்கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் கூரையின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பிறகு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண்களில் போட்டேன். நேராகத்தான் இருந்தது. எங்கே அறுக்கவேண்டும் என்று நானே காட்டிக்கொடுத்தேன்.

பொறி பறந்தது. தெருவே வந்து வேலி ஓரம் நின்றது. கடைசித் தூணும் அறுந்ததும் நைனாவும் மாமாவும் பானை மூடியைத் தூக்குவதுபோல் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மொட்டையடித்த பிள்ளை மாதிரி கார் சின்னதாகிவிட்டது. மாமா பெருமையாக உள்ளே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்து எல்லாருக்கும் கை காட்டினார். இறங்கப் பார்த்தபோது கதவு வரவில்லை. அந்தப் பக்கக் கதவையும் இழுத்தார், அதுவும் வரவில்லை.

“மாமா! கதவு தெறக்கல! உள்ள மாட்டிக்கினேன்!” என்று நைனாவைப் பார்த்துக் கத்தினார். கதவைத் தோளால் இடித்தார். உதைத்தார். “யாராவது வெளிய இருந்து இழுங்கய்யா!”

“டேய்” என்றாள் அம்மா. “மேலதான் ஒண்ணியும் இல்லியே. எழுந்து வாயேண்டா.”

தெரு சிரித்த சிரிப்பில் எருமை கயிற்றை இழுத்தது. நைனாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் வேண்டாம் என்று சொன்ன நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சிரிக்காமல் கோழிக்கூடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காருக்கு அடியில் தனியாகச் சட்டம் கிடையாது. கூரைதான் முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அது போனதும் ஆள் ஏறினால் நடுவயிறு தொங்கி, கதவைக் கவ்விக்கொள்கிறது. மாப்பிள்ளையும் தோழனும் ஏறி, நடுத்தெருவில் கார் இரண்டாக மடிந்தால்?

“ஓடுமா மச்சான்?” என்றார் நைனா. அவர் குரல் இறங்கிவிட்டது.

“நாலு பக்கம் சட்டம் அடிச்சா இரும்பு கேட்டு நிக்கல? இதுவும் நிக்கும்.”

மாமா ஜாக்கி வைத்துக் காரின் வயிற்றைத் தூக்கி, இரண்டு பக்கமும் நீளத்துக்கு இரும்பு ஆங்கிள் சட்டம் கொடுத்து வெல்டு வைத்தார். கதவுகளையும் சேர்த்தே பற்றவைத்து மூடிவிட்டார். மாப்பிள்ளை இனி ஸ்டூல் போட்டுத்தான் ஏறவேண்டும். பின்சீட்டைக் கம்பிச் சட்டத்தின் மேல் உயர்த்தி சிவப்பு ரெக்சின் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை நடந்தது. இப்படி அறுத்த வண்டி ரோட்டில் போகலாமா என்று நாங்கள் எந்த ஆபீசிலும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வேலை முடிந்ததும் மாமா ஓட்ட, மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒருதரம் போய்ப் பார்த்தோம். பாரம் வேண்டும் என்று அம்மாவை மாப்பிள்ளை சீட்டில் உட்கார வைத்தோம். உப்புக் காற்று அவள் முந்தானையைப் பிடுங்கியது. எதிரே சைக்கிளில் வந்த வெள்ளைக்காரர்கள் கை காட்ட, அம்மாவும் சாமி ஊர்வலம் போகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டினாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியவள் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று ஞாபகம் வந்திருக்கும். நான் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் சீட்டின் கைப்பிடிக் கம்பி ஒன்று ஆடுகிறது என்று மாமா அவசரமாக இரண்டு இடத்தில் வெல்டு வைத்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அவருக்குக் கண் திறக்க முடியவில்லை. மணலைக் கொட்டின மாதிரி எரிகிறது என்று ஈரத்துணியை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். முகூர்த்த சமயம் என்பதால் தெரிந்த டிரைவர் எல்லாரும் வேறு வண்டிகளில் போயிருந்தார்கள். நைனா நாலு இடம் அலைந்துவிட்டு வந்து காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். சீட்டில் பூ அலங்காரம் முடிந்திருந்தது. வண்டி போகவில்லை என்றால் நாளைக்கு டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. வாடகை வண்டியாம், வாடகை வண்டி என்பார்கள்.

“நான் ஓட்டறேன் நைனா.”

நிமிர்ந்து பார்த்தார். “ஒனக்கு ஓட்டத் தெரியுமா? எப்பக் கத்துகினே?”

“செங்கல்பட்டுல. சனிக்கெழம சனிக்கெழம.”

“எதுக்கு?”

“சும்மா.”

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டூலை எடுத்து வந்து போட்டார். நான் ஏறினேன்.

புதுப்பட்டினம் கோயிலில் மாப்பிள்ளை ஏறினார். டிரைவர் சீட்டில் பெண்ணைப் பார்த்ததும் தோழனிடம் ஏதோ முணுமுணுத்தார். வேறு வழியில்லாததால் உட்கார்ந்தார். முன்னால் மேளம், இரண்டு பக்கமும் விளக்கு தூக்கியவர்கள், பின்னால் உறவுக்கூட்டம். அதற்கும் பின்னால் கல்பாக்கத்தில் வேலை முடிந்து திரும்புகிறவர்களின் பஸ், போக வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. காரை நடக்கிற வேகத்துக்கு மேல் விடக்கூடாது. கிளட்சை அரையில் பிடித்துப் பிடித்து என் இடது கால் நடுங்கியது. வேகத்தடை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடிவயிறு உரசும், முனகும், பிறகு ஏறிவிடும். நைனா என் பக்கத்துக் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

கடைத்தெருவில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் நைனாவோடு சேர்ந்துகொண்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“இன்னாங்க, வாடகைக்குன்னு வண்டி வாங்கிட்டு டிரைவர் வெக்கக் கூடாதா? பொண்ணப் போயி ஓட்ட வுட்டுக்கினு!” பிறகு மேளத்தைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினார். “நான் கேள்விப்பட்டது வேற. செங்கல்பட்டு மாப்ளைக்கு வாங்குன வண்டியாமே இது? அது நெலைக்கலன்னு அறுத்துட்டீங்களாமே?”

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். மாப்பிள்ளையும் குனிந்து பார்த்தார். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். நைனா அந்தப் பொய்க்காகத்தான் இத்தனையும் செய்தார். அதைக் காப்பாற்றத்தான் நான் ஏறி உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

“ஆமாங்க” என்றார் நைனா. “வாடகைக்கு வாங்கல. மாப்ளைக்குத்தான் வாங்கனேன். எம் பொண்ணு அந்த எடம் வேணாம்னு சொல்லிச்சி. அதுக்கு இன்னா இப்ப? வண்டி ஓடுது, பாத்துகினு வாங்க.”

பெரியப்பா மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டார். சிலர் சிரித்தார்கள். மேளக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் அடித்துக்கொண்டே போனார்கள்.

“ஏன் நைனா சொன்ன?” என்றேன், திரும்பாமல்.

அவர் நடந்துகொண்டே கதவுப் பக்கம் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஓட்டக் கத்துகினேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அறுத்திருக்க மாட்டேனே பாப்பா.”

கண் நிறைந்து முன்னால் விளக்கெல்லாம் ஒன்றாகக் கலைந்தது. “நீயும் ஏறிக்கோ நைனா” என்றேன்.

“ரோட்டப் பாரு” என்றார் அவர். “மேளக்காரன் கால்ல ஏத்திடப் போற.”