எட்டாம் தடத்தில் ஒரு சாண்

ஐம்பது மீட்டரை இருபத்தைந்து நொடிக்குள் நீந்தினால்தான் சர்வதேசப் போட்டிக்கு அனுப்புவார்கள். இருபத்தொன்பது வயதில் அவள் நீந்திவிட்டாள். இருபத்து நான்கு புள்ளி ஒன்பது எட்டு. அரங்கமே எழுந்து கைதட்டியது. அவளுக்கு மட்டும் மனசு உறுத்தியது.

பதினாறு வருடமாக விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்குகிறவள். தட்டில் விழும் சோற்றை எடை போட்டுத்தான் சாப்பிடுவாள். தங்கை கல்யாணத்துக்கே ஈரத்தலையோடுதான் போய் நின்றாள். அப்படியும் மூன்று வருடமாக இருபத்தைந்து புள்ளி ஒன்று ஒன்றிலேயே நின்ற நேரம், ஒரே நாளில் எப்படி இறங்கும்?

முதல் சந்தேகம் பயிற்சியாளர் தந்த சத்து மாத்திரை மேல் விழுந்தது.

"சார், இதுல என்ன கலந்திருக்கு?"

"என்னையே சந்தேகப்படுறியா?" என்று டப்பாவை மேசையில் விட்டெறிந்தார் அவர்.

ஊக்கமருந்துச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அப்போதும் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் போட்டியை மனசுக்குள் திரும்பத் திரும்ப நீந்திப் பார்த்தாள். எப்போதும் முப்பத்தொன்பதாவது வீச்சில் கை நீட்டிச் சுவரைத் தொடுவாள். அன்றைக்குக் கை நீளும் முன்பே சுவர் வந்து முட்டியிருந்தது.

"சார், குளத்தை அளந்து பார்க்கலாமா?"

"கிடைச்சதை நீயே கெடுத்துக்காத. பேசாம இரு."

அவள் பேசாமல்தான் இருந்தாள். தரையில் ஓடு பதிக்கும் அக்கா வீட்டுக்காரரை இரும்பு நாடாவோடு அந்தக் குளத்துக்கு அழைத்துப் போனாள். காவலாளி, "எதுக்கு அளக்குறீங்க?" என்று முறைத்துக்கொண்டே கூட நடந்தார். முதல் தடம் சரியாக ஐம்பது. அவள் நீந்திய எட்டாம் தடத்தில் அத்தான் குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ஒரு சாண் குறையுதே!"

குளத்தின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்தி வைக்கும் சுவர் அது. அந்தப் பக்கத்து ஆணி குழியில் இறங்காமல், சுவர் கோணலாக நின்றிருந்தது.

அன்றே நீச்சல் சங்கத்துக்கு எழுதிப் போட்டாள். அந்தக் குளத்தில் பதிவான நேரம் அத்தனையும் ரத்தானது. கூட நீந்தியவர்களில் இரண்டு பேர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுபோட்டி வேறு குளத்தில் நடந்தது. அங்கேயும் முதல் நாளே போய் அளந்துவிட்டுத்தான் இறங்கினாள். இருபத்தைந்து புள்ளி பூஜ்யம் ஒன்பது. தேர்வாகவில்லை.

பயிற்சியாளர் துண்டை நீட்டினார். "இதையாவது நம்புறியா?"

"நம்புறேன் சார். இது நான் நீந்துனது."